தாமான் (குடியிருப்பு) வீட்டுப் புல்தரை: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கோலாலம்பூரில் வாசல் புல் கொஞ்சம் பழுத்துவிட்டால் போதும், வீட்டுக்காரர் நேரே உரக்கடைக்குப் போய்விடுவார். கடைக்காரரும் ஒரு மூட்டை உரத்தையும் ஒரு போத்தல் மருந்தையும் எடுத்து வைப்பார். செந்தூல், செகாம்புட், கெப்போங் பக்கத்து வரிசை வீடுகளில் புல் பார்த்துவரும் எனக்கு, மூட்டையைப் பிரிக்கும் வேலை கடைசியில்தான் வருகிறது. புல் வெட்டும் மெஷினை எவ்வளவு தாழ்த்திப் பிடித்தார்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு பிடிபட்டுவிடும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில், பணம் பிடிக்கும் காரணம் கடைசியில்.

உங்கள் வீட்டு அறிகுறிக்கு நேரே போய்விடலாம். போகுமுன் உங்களுடையது என்ன புல் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் அகல இலையோடு தரையில் படர்ந்தால் கவ்கிராஸ், மலாய்க்காரர்கள் சொல்லும் ரும்புட் லெம்பு. அதே சாயலில் இலை குட்டையாக, நெருக்கமாக இருந்தால் நர்சரிகளில் பிலிப்பைன்ஸ் கிராஸ் என்று விற்பது. இலை ஒல்லியாக, வெறுங்காலில் மிதித்தால் குத்தினால் ஜப்பான் கிராஸ் அல்லது கொரியன் கிராஸ். முதல் இரண்டையும் வெட்டிய பிறகு 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரம் நிற்க வேண்டும். குத்தும் இலைப் புல்லை 3 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். அளவுகோலை மண்ணில் ஊன்றிப் பாருங்கள். கண்மதிப்பு எப்போதும் கூடுதலாகத்தான் சொல்லும்.

அறிகுறி 1: வெட்டிய இரண்டாம் நாள் தரை முழுக்க வைக்கோல் நிறம்

ஒரே ஓர் இலையைக் கிள்ளி நுனியைப் பாருங்கள்.

நுனி நார் நாராகக் கிழிந்திருந்தால்

மெஷின் வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. தள்ளும் மெஷின் என்றால் பிளேடு மழுங்கியிருக்கும். கழற்றி அரம் போட்டால் தீர்ந்தது. முதுகில் மாட்டும் மெஷின் என்றால் நைலான் நரம்பு தேய்ந்து குட்டையாகியிருக்கும், அல்லது ஓட்டுபவர் பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்திருப்பார். நரம்பைப் புதிதாக நீட்டி முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். காலை ஈரத்தோடு வெட்டினாலும் இதே கிழிசல் வரும். முதல் நாள் மழை பெய்திருந்தால் மதியம் வரை விடுங்கள்.

நுனி சுத்தமாக வெட்டுப்பட்டு, அடித்தண்டு வெளுத்துத் தெரிந்தால்

அளவுக்கு மேல் தாழ்த்திவிட்டார்கள். ஒரு வெட்டில் புல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 12 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்ட புல்லை ஒரே மூச்சில் 4க்கு இறக்கினால் பச்சை முழுக்கப் போய்த் தண்டு மட்டும் நிற்கும். முதலில் 8, நாலைந்து நாள் கழித்து 6, பிறகு 5 என்று மூன்று தடவையாக இறக்குங்கள்.

மாதம் ஒரு தடவை வரும் ஆள் தரையோடு மழிப்பதில் அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. அடுத்த மாதம் வரும்வரை வீட்டுக்காரர் குறை சொல்லக் கூடாதல்லவா! ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும்போது கவ்கிராஸுக்கு வாரம் ஒரு வெட்டு தேவைப்படும். மழை குறைந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, மாதம் இரு முறை உயரமாக வெட்டச் சொல்வது புதிய புல் வாங்குவதைவிட மலிவு. தீபாவளிக்கு முதல் நாள் மொட்டையடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒரு வாரம் முன்னால் வெட்டினால் விருந்தாளி வரும்போது பச்சையாக இருக்கும், முதல் நாள் வெட்டினால் மஞ்சளாக இருக்கும்.

மழித்துவிட்ட தரைக்கு யூரியா போடாதீர்கள். வெட்டுப்பட்ட புல்லைச் சுட்டுவிடும். காலையில் தண்ணீர் மட்டும் ஊற்றி இரண்டு வாரம் விட்டால் படர்கொடியிலிருந்து புதுத் துளிர் வரும்.

எப்போதும் அதே ஒரு மூலை மட்டும் மழிந்தால்

அங்கே மண் மேடு. மேட்டைச் செதுக்குவதைவிட அதைச் சுற்றியுள்ள பள்ளத்தை நிரப்புவது எளிது. சன்ன மணலை ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் தூவி, புல் நுனி வெளியே தெரியும்படி துடைப்பத்தால் பரப்புங்கள். புல் மேலே வந்ததும் இன்னொரு தடவை. மேடு மர வேராக இருந்தால் அந்த இடத்தில் மெஷினைத் தூக்கிப் பிடியுங்கள். வேரை வெட்ட வேண்டாம்.

அறிகுறி 2: நடுநடுவே திட்டுத் திட்டாகக் காய்கிறது

இங்கேதான் மருந்தடித்துக் காசைக் கரைக்கிறார்கள். முதலில் திட்டின் வடிவத்தைப் பாருங்கள். பிறகு திட்டின் ஓரத்துப் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் கடைப்பக்கம் போகாதீர்கள்.

சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், நடுவில் காய்ந்து விளிம்பு மட்டும் கரும்பச்சை

நாய் மூத்திரம். நடுவில் சத்து அதிகமாகிச் சுட்டது, ஓரத்தில் அதே சத்து உரமாகிவிட்டது. நாய் போன உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் திட்டு விழாது. விழுந்துவிட்டால் காய்ந்ததை வாரிவிட்டு நன்றாக நனையுங்கள். பக்கத்துப் புல் படர்ந்து மூடும்.

கோடாக, அல்லது கை வீசிய வளைவாக

உரம் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. போட்டு இரண்டு மூன்று நாளில் தெரியும். மூன்று நாலு நாள் தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கரைத்து இறக்குங்கள்.

கேட் பக்கத்தில் ஒரே ஒரு கறுத்த திட்டு

மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றும் இடம். ஒரு கை ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். இனிமேல் சிமெண்டுத் தரையில் வைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

வெயில் வாரங்களில் காய்ந்து, மழை வந்தால் தேறுகிற அதே இடம்

15 சென்டிமீட்டர் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்திப் பாருங்கள். நல்ல இடத்தில் பிடிவரை இறங்கும். திட்டில் பாதியில் ‘டக்’ என்று நின்றால் கீழே வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல், சிமெண்டுக் கட்டி, சில சமயம் ஓடு. புதுத் தாமான்களில் இது சாதாரணம். தோண்டி எடுத்து, குறைந்தது 15 சென்டிமீட்டர் நல்ல மண் போட்டு, பக்கத்திலிருந்து ஒரு துண்டு புல்லை வெட்டி நட்டால் போதும். எங்கே குத்தினாலும் ‘டக்’ என்றால் அது திட்டுப் பிரச்சினை இல்லை. மொத்தத் தரையையும் மேல் மண் போட்டு உயர்த்தும் வேலை. லோரி மண், ஆள் கூலி என்று செலவு வரும்.

இழுத்தால் வேரில்லாமல் பாய்போல் சுருண்டு வருகிறது

வேரை யாரோ தின்றிருக்கிறார்கள். சுருட்டிய இடத்தில் மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குக் கிளறுங்கள். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக வளைந்து கிடப்பது வண்டின் வேர்ப்புழு. ஒரு சதுர அடியில் ஒன்றிரண்டு இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, மைனாவுக்கு விட்டுவிடுங்கள். ஐந்தாறுக்கு மேல் இருந்தால்தான் மருந்து. மருந்து போட்டபின் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்காவிட்டால் புழுவுக்குப் போய்ச் சேராது.

வேர் பிடி இருக்கிறது, இலை கடிபட்டிருக்கிறது

முந்தாநாள் பச்சையாக இருந்தது இன்று பழுப்பு என்றால் பெரும்பாலும் படைப்புழு. பகலில் அடிப்புல்லில் ஒளிந்துகொண்டு மாலையிலும் இரவிலும் மேயும். காலையில் மைனாக் கூட்டம் ஒரே இடத்தில் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தால் அதுவே பாதிச் சாட்சி. மீதிச் சாட்சிக்குச் சோப்புச் சோதனை: 4 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, திட்டின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மெதுவாக ஊற்றுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் புழு இருந்தால் நெளிந்து மேலே வந்துவிடும். முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். புழு சிறிதாக இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் உள்ள உயிர் மருந்தை அந்தி நேரத்தில் அடித்தால் வேலை செய்யும். கட்டைவிரல் நீளத்துக்கு வளர்ந்த புழுவை அது அவ்வளவாகப் பாதிக்காது.

அதே சோப்புத் தண்ணீருக்கு மண்வெட்டிபோல் முன்கால் உள்ள பழுப்புப் பூச்சி வெளியே வந்தால் அது பிள்ளைப்பூச்சி. மண் பொங்கி, நடந்தால் கால் அமுங்கும். தரையடியில் விரல் தடிப்புச் சுரங்கம் ஓடும். ஓரிரண்டு வந்தால் விட்டுவிடலாம். தரை முழுக்கப் பொங்கியிருந்தால் அது கைவேலைக்கு அடங்காது.

வேர் பிடி, கடி இல்லை, விளிம்பு மட்டும் நாளுக்கு நாள் பரவுகிறது

காலை ஏழு மணிக்கு, பனி காயுமுன் போய்ப் பாருங்கள். இலைகளுக்கு இடையில் ஒட்டடைபோல் வெள்ளை நூல் தெரிந்தால், அல்லது வட்டத்தின் விளிம்பு வெந்த கீரை நிறத்தில் இருந்தால் பூஞ்சை. மாலையில் தண்ணீர் விடுவதை உடனே நிறுத்துங்கள். இரவு முழுக்க இலை நனைந்திருப்பதுதான் அதற்கு வேண்டியது. யூரியாவையும் நிறுத்துங்கள். திட்டுள்ள பக்கத்தைக் கடைசியாக வெட்டி மெஷினைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சக்கரமே நோயைச் சுமந்துபோய் மற்ற இடத்தில் விதைக்கும். இரண்டு வாரம் இப்படிப் பார்த்தும் பரவினால்தான் பூஞ்சைக்கொல்லி.

திட்டுக்குப் பதிலாகக் காளான்கள் வட்டமாக முளைத்தால் கீழே பழைய மரக்கட்டையோ கட்டுமானப் பலகையோ மக்குகிறது. மருந்து வேண்டாம். கட்டையைத் தோண்டி எடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் காளானை அன்றன்றே பறித்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும் இடம்: தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காய்ந்துவிட்டது, அல்லது ஒரு தடவை மருந்தடித்தும் நிற்கவில்லை. உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டாளரைக் கூப்பிடுங்கள். கடையில் நீங்களே வாங்கினால் போத்தலில் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வீட்டுக் கொட்டகையில் பாராகுவாட் கிடந்தால் தொடாதீர்கள்; 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை.

அறிகுறி 3: மொத்தத் தரையும் ஒரே சீராக மஞ்சள்

கடைசியாக எப்போது உரம் போட்டீர்கள்? ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பசி. இங்கே பெய்யும் மழை சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். மூட்டையில் 15-15-15 என்று போட்டிருக்கும் உரம் சதுர மீட்டருக்கு 25 கிராம் போதும்; 20க்கு 30 அடி முற்றத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் வீசினால் கோடு விழாது. இலையில் ஈரம் இல்லாதபோது போட்டு, உடனே தண்ணீர் விட வேண்டும்.

போட்டு மூன்று வாரமாகியும் பச்சை திரும்பாவிட்டால் மண் புளித்திருக்கலாம். கோலாலம்பூர்ச் செம்மண் இயல்பிலேயே புளிப்பு. அமிலத்தன்மை பார்க்கும் கருவியோ தாளோ வைத்துப் பாருங்கள். பி.எச். அளவு 5க்குக் கீழே காட்டினால் செம்பனைத் தோட்டங்களில் போடும் ஜி.எம்.எல். (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் பொடி) சுண்ணாம்பைச் சதுர மீட்டருக்கு 50 முதல் 100 கிராம் தூவித் தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே வாரத்தில் வேண்டாம். சத்து ஆவியாகிப் போய்விடும். நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

மஞ்சளோடு மிதித்தால் ‘சளக்’ என்று சத்தமும் வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். அதற்கு எந்த உரமும் உதவாது.

அறிகுறி 4: மழை விட்டும் தண்ணீர் நிற்கிறது, பாசி படர்கிறது

மழை பெய்யாத நாளிலும் ஈரமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் ஓடினால் மண்ணுக்கடியில் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் வேலை. மீட்டர் நிற்கிறது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் புல் தழைத்து நாற்றமும் அடிக்கிறது என்றால் கழிவுக் குழாய். இதற்கும் புல்லுக்கும் சம்பந்தமில்லை, அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் நிற்கிறதா?

கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வரிசை வீடுகளில் தாழ்வாரக் குழாயின் வாய் புல்தரையிலேயே திறந்திருப்பது அடிக்கடி கண்ணில் படும். ஒரு முழங்கைக் குழாயை மாட்டிக் கால்வாய்க்குத் திருப்பினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். அடுத்து கால்வாய் ஓரத்தைப் பாருங்கள். வெட்டிய புல் சேர்ந்து சேர்ந்து ஓரம் மேடாகி, தண்ணீரை உள்ளே தடுத்து நிறுத்தும். மண்வெட்டியால் நாலு இடத்தில் வாய் வெட்டிவிடுங்கள்.

அது இரண்டும் சரி என்றால் மண் இறுகியிருக்கும். கார் ஏறும் வீட்டில், குழந்தைகள் பந்தாடும் வீட்டில் கட்டாயம் இருக்கும். தோட்ட வேலைக்கான நாலு பல் முள்கரண்டியை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊன்றி லேசாக ஆட்டி எடுங்கள், ஒரு சாண் இடைவெளி விட்டு அடுத்தது. தரை முழுக்கக் குத்தியபின் மணலைத் தூவித் துளைக்குள் இறங்கும்படி பெருக்குங்கள். முதுகு வலிக்கும் வேலை, ஆனால் செலவு ஒரு மூட்டை மணல்தான்.

குத்தியும் நிற்கிறதா?

ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு தடவை வடியவிட்டு மறுபடி நிரப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அடியில் களிமண். சரளைக் கல்லுக்குள் துளைக் குழாய் புதைத்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவில் கால்வாய் வரை கொண்டுபோக வேண்டும். இந்த வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரரைக் கூப்பிடும் இடம் இதுதான். அவர் குழாயைத் துணியால் சுற்றுகிறாரா என்று மட்டும் கேளுங்கள். சுற்றாவிட்டால் சேறு புகுந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் வடிந்தபின் பாசியைச் சீப்பு வாரியால் வாரி எடுத்தால் போதும். வடியாமல் பாசிக்கு மருந்தடித்தால் அடுத்த மழையில் திரும்பும். இன்னொன்று, ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசு வளரப் போதும். புல்லுக்காக இல்லாவிட்டாலும் டெங்கிக்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி 5: மாமரத்தடியில் மொட்டை

நாளில் நாலு மணி நேரமாவது வெயில் விழுகிறதா? விழாவிட்டால் தாழ்ந்த கிளைகளைக் கழித்துப் பாருங்கள். கவ்கிராஸ் ஓரளவு நிழல் தாங்கும். ஜப்பான் கிராஸை அங்கே நடுவது வீண் செலவு. கிளை கழித்தும் வரவில்லையென்றால் புல்லோடு மல்லுக்கட்டாமல் சரளையோ செங்கலோ போட்டு ஒரு பெஞ்சு வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி.

மரத்தடியில் நைலான் நரம்பு அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பட்டை சுற்றிலும் போய்விட்டால் மரமே காய்ந்துவிடும். மரத்தைச் சுற்றி ஓர் அடி வட்டத்தில் புல்லே இல்லாமல் வைத்தால் மெஷின் அந்தப் பக்கம் போகாது.

அறிகுறி 6: புல்லைவிடக் களை அதிகம்

வேட்டியிலும் காற்சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப் புல் நிறைய இருந்தால், நீங்கள் தாழ்த்தி வெட்டுகிறீர்கள், மண்ணிலும் சத்தில்லை. மழித்த தரையில் மற்றப் புல் சோரும்போது அது சளைக்காது. உயரத்தைக் கூட்டி உரம் போட்டால் கவ்கிராஸ் அதை மெல்ல அமுக்கிவிடும். தொட்டாற்சுருங்கியை மழை பெய்த மறுநாள், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். பூத்துக் காய்ப்பதற்குள் செய்தால் வேலை பாதி. தண்டை உருட்டிப் பார்த்து மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. இழுத்தால் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். முள்கரண்டியால் கிழங்கோடு கிண்டி எடுக்க வேண்டும்.

கிளைபோசேட் புல்லையும் சேர்த்துக் கொல்லும், அதைத் தரை முழுக்க அடிக்காதீர்கள். அகல இலைக் களைக்கான மருந்தையும் முதலில் ஒரு மூலையில் அடித்து ஒரு வாரம் பாருங்கள். பாதிக்கு மேல் களையாகிவிட்ட தரையைத் திருத்துவதைவிட மொத்தமாக எடுத்துப் புதுப் புல் பதிப்பதே மிச்சம். சுங்கை பூலோ நர்சரிகளில் சதுரத் துண்டாகக் கிடைக்கும். வாங்குமுன் துண்டைத் திருப்பி அடிமண்ணில் கோரைக் கிழங்கு இல்லையா என்று பாருங்கள். பிடுங்கிய களையை வாசலில் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

அறிகுறி 7: மெஷினே ஸ்டார்ட் ஆகவில்லை

சுவிட்ச், பெட்ரோல் திருகு, சோக், இந்த வரிசையில் பாருங்கள். அடுத்து பெட்ரோலின் வயது. ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்ததைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் மெஷின் என்றால் எண்ணெய்க் கலவை புத்தகத்தில் போட்டபடி இருக்க வேண்டும்: 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள், கரி பிடித்திருந்தால் பிரஷால் தேயுங்கள். காற்று வடிகட்டியைத் தட்டி, பஞ்சு வகை என்றால் சோப்பில் அலசுங்கள்.

ஸ்டார்ட் ஆகி, வேகம் கொடுத்தால் அணைந்தால் கார்புரேட்டரில் அடைப்பு. கயிறு தடையே இல்லாமல் லேசாக வந்தால் உள்ளே பிஸ்டனோ வளையமோ தேய்ந்துவிட்டது. இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் போவதுதான் வழி. இரண்டாவது என்றால் பழுதுக் கூலியைப் புது மெஷின் விலையோடு ஒப்பிட்டுவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். காரில் ஏற்றுமுன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.